உறைநிலத்தில் இறங்கிய எண்ணெய்: மண் மாசுபடும் முறைகள் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

2020 மே 29 அன்று, ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரத்துக்கு அருகே ஓர் அனல்மின் நிலையத்தின் டீசல் தொட்டி அடித்தளம் சரிந்து உடைந்தது. ஏறத்தாழ 21,000 டன் டீசல் வெளியேறியது. அதில் சுமார் 15,000 டன் நீர்நிலைகளில் கலந்தது என்றும் 6,000 டன் நிலத்தில் இறங்கியது என்றும் கணக்கிட்டார்கள். செந்நிறமாக மாறிய அம்பார்னயா ஆற்றின் செயற்கைக்கோள் படங்களை உலகமே பார்த்தது. நிலத்தில் இறங்கிய 6,000 டன்னுக்கு அப்படி ஒரு படம் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த 6,000 டன்னைப் போன்றவற்றைப் பற்றியது: நிரந்தரமாக உறைந்துகிடக்கும் நிலத்தில் எண்ணெய் எப்படி இறங்குகிறது, எங்கே தங்குகிறது, ஏன் அங்கிருந்து போக மறுக்கிறது.

ஆறுகளுக்கும் கடலுக்கும் நேரும் கேட்டை இங்கே விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை. அலாஸ்கா, ரஷ்யாவின் கோமி, தைமிர் பகுதிகள், கனடாவின் வடபுலம் ஆகியவற்றின் மண்ணே பொருள். நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். உறைநிலத்தை நீர் கசியாத, எண்ணெய் ஊடுருவாத, என்றும் அசையாத தளம் என்று பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். தொட்டிகளை நிறுத்தியதும், கழிவுக்குழிகளை வெட்டியதும், கசிவைச் சுற்றி மண்கரை எழுப்பியதும் அந்த நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை பொய்த்த இடங்களில்தான் மண் மிக மோசமாகக் கெட்டிருக்கிறது.

2. நிலத்தின் அமைப்பு

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏறாத நிலமே நிரந்தர உறைநிலம். ரஷ்யாவின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இத்தகையது. அலாஸ்காவின் வடகோடியில் உள்ள புரூடோ விரிகுடா எண்ணெய் வயலின் அடியில் இது 600 மீட்டர் ஆழம் வரை செல்கிறது. தெற்கே வர வர மெலிந்து, திட்டுத்திட்டாகி, வெப்பமும் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கிறது.

இதன் மேல், கோடையில் உருகிக் குளிர்காலத்தில் மறுபடி உறையும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. இதை உருகடுக்கு என்று குறிப்பிடுகிறேன். ஈரமான தூந்திரச் சமவெளியில் இதன் ஆழம் 30 அல்லது 40 சென்டிமீட்டர். மணலும் சரளையும் உள்ள இடங்களில் ஒரு மீட்டருக்கு மேலும் போகும். வேர்கள் பரவுவதும், நுண்ணுயிர்கள் வாழ்வதும், நீர் நகர்வதும் இந்த அடுக்குக்குள்தான். ஆண்டில் இரண்டு, மூன்று மாதங்கள்தான் அதற்கு உயிர்ப்பான காலம்.

உருகடுக்கின் தலைமேல் பாசியும், முழுதாக மக்காத தாவரப் பொருள் சேர்ந்த மக்குமண்ணும் கிடக்கின்றன. இந்தப் போர்வையின் வேலை நுட்பமானது. கோடையில் மேற்புறம் காய்ந்து, வெயிலின் வெப்பம் கீழே இறங்குவதைத் தடுக்கிறது. இலையுதிர்காலத்தில் நனைந்து உறைந்த பிறகு வெப்பத்தை எளிதில் கடத்துகிறது. நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. உள்ளே வருவது குறைவு, வெளியே போவது அதிகம். உறைநிலம் பல இடங்களில் உறைந்தே நிற்பதற்கு இந்தப் பாசியும் ஒரு காரணம். எண்ணெய் சிந்தியதும் முதலில் சாவது இதுதான்.

அடியில் உள்ள பனி சீராகப் பரவிக் கிடப்பதில்லை. கடுங்குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கிறது. வசந்தத்தில் உருகிய நீர் வெடிப்பில் இறங்கி உறைகிறது. பல நூற்றாண்டுகளில் அந்த வெடிப்பே ஆப்பு வடிவப் பனிச்சுவராக வளர்கிறது. விமானத்திலிருந்து பார்த்தால் தூந்திரம் பலகோணக் கட்டங்களாகத் தெரிவது இதனால்தான். சைபீரியாவின் சில வண்டல் நிலங்களில் மண்ணின் கனஅளவில் பாதிக்கும் மேல் பனியே. அங்கே பனி உருகினால் நிலமே உட்கார்ந்துவிடும்.

3. எண்ணெய் நகரும் வழிகள்

3.1 கோடைக் கசிவு

வெப்ப நாடுகளில் மண்ணில் சிந்திய டீசல் பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடும். உறைநிலத்தில் அரை மீட்டரிலேயே பனி குறுக்கே நிற்கிறது. அதனால் எண்ணெய் உருகடுக்குக்குள் பக்கவாட்டில் திரும்பி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடுகிறது. பனித்தளத்தின் மேல் தேங்கிய நீரின்மீது மிதந்தபடி போவதால், ஆழம் குறைந்தாலும் பரப்பு கூடுகிறது. மேலே பசுமையாகத் தெரியும் பாசிக்கு அடியில், சிந்திய இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக்கூட எண்ணெய் இருக்கும். கண்ணால் பார்த்து எல்லை வகுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். கச்சா எண்ணெய் குளிரில் கெட்டித்து, மேற்பரப்பில் தார்ப்பூச்சாக நின்றுவிடலாம். வடபுலங்களுக்கென்று தயாரிக்கும் டீசலோ கடுங்குளிரிலும் இளகி ஓட வேண்டும் என்றே வடித்தெடுக்கப்படுகிறது. இயந்திரத்துக்கு நன்மையான அந்தக் குணமே மண்ணுக்குக் கேடாகிறது.

3.2 குளிர்காலக் கசிவு

குளிர்காலத்தில் நிலம் முழுவதும் உறைந்திருப்பதால் எண்ணெய் இறங்காது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் பனிப்போர்வை கசிவை மறைத்துவிடுகிறது. 2006 மார்ச் 2 அன்று புரூடோ விரிகுடாவில் கண்டுபிடிக்கப்பட்ட கசிவு இதற்குச் சரியான சான்று. பனிமான்கள் கடப்பதற்காகக் குழாயின் மேல் மண்மேடு போட்டிருந்த ஓரிடத்தில், உட்புற அரிப்பால் குழாயின் அடிப்பகுதியில் அரை அங்குலம்கூட இல்லாத ஓர் ஓட்டை விழுந்திருந்தது. பல நாட்கள் அதன் வழியே கச்சா எண்ணெய் பனிக்கு அடியில் பரவிக்கொண்டே இருந்தது. கசிவைக் காட்ட வேண்டிய கருவி இருந்தும் கசிவு தெரியவரவில்லை. வண்டியில் போன ஒரு பணியாளருக்கு எண்ணெய் வாடை அடித்ததால் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் சுமார் 10 லட்சம் லிட்டர் வெளியேறி, இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான தூந்திரத்தை மூடியிருந்தது.

இரண்டு பருவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சோதனை நடந்திருக்கிறது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரத்துக்கு அருகே, கரிபூ-போக்கர் ஓடைகளின் ஆய்வுப் படுகையில், 1976 பிப்ரவரியில் ஒருமுறையும் ஜூலையில் ஒருமுறையும் தலா 7,570 லிட்டர் சூடான கச்சா எண்ணெயை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஊற்றினார்கள். கருப்பு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள் நின்ற காடு அது. பிப்ரவரி எண்ணெய் பனிக்கு அடியில், பாசியின் மேற்பகுதியோடு நகர்ந்தது. கணிசமான பகுதி கருப்பாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஜூலை எண்ணெய் மக்குமண்ணுக்குள் நுழைந்து மறைவாகப் பரவியது. குளிர்காலக் கசிவைவிட அதிகப் பரப்பை எட்டியது. 15 ஆண்டுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது மரங்கள் பட்டுப்போயிருந்தன. மேலே கிடந்த எண்ணெய் காய்ந்து தாராகியிருந்தது. பஞ்சுப்புல் கொத்துகள் மட்டும் அந்தக் கருப்புக்கு நடுவே துளிர்த்திருந்தன. 25 ஆண்டுகள் கழிந்த பின்னும் மண்ணில் எண்ணெய் இருந்தது. இத்தனை நீண்ட காலம் விடாமல் பின்தொடரப்பட்ட கசிவுகள் மிகச் சில. அந்தப் பொறுமைக்காகவே இந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

3.3 பனிக்குள் ஊடுருவல்

உறைநிலம் எண்ணெயை முழுதாகத் தடுக்காது என்பதற்குக் காரணங்கள் பல. உறைந்த களிமண்ணில்கூட, துகள்களை ஒட்டி மிக மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் நிற்கிறது. கடற்கரை மண்ணில் உப்பு இருப்பதால் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் திரவநீர் உண்டு. சரளை மண்ணில் துளைகள் முழுவதும் பனியால் நிரம்பாவிட்டால் எண்ணெய்க்கு நேர்வழி திறந்தே கிடக்கிறது. குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கும் பிளவுகளோ இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகின்றன. கனடாவின் வடபுலத்தில் பழைய எரிபொருள் கசிவுகளைத் துளையிட்டு ஆராய்ந்தபோது, உருகடுக்குக்கு வெகு கீழே, உறைந்த மண்ணுக்குள்ளேயே எரிபொருள் இருந்தது 1990களில் தெரியவந்தது.

உறையும் செயலே எண்ணெயை நகர்த்தவும் செய்கிறது. நீர் பனியாகும்போது எண்ணெயைத் தன் படிகத்துக்குள் ஏற்பதில்லை. உறையும் முகப்பு முன்னேற முன்னேற எண்ணெய் அதற்கு முன்னால் தள்ளப்படுகிறது. உருகடுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் ஒருசேர உறைவதால், நடுவில் சிக்கிய எண்ணெய் அழுத்தம் தாங்காமல் பிளவுகளைத் தேடிப் போகிறது. ஒவ்வொரு ஆண்டும் இது நடக்கிறது. கசிந்தது ஒரு நாளில் என்றாலும், அது மண்ணில் இடம் மாறுவது ஆண்டுதோறும் தொடர்கிறது.

4. வெப்பச் சமநிலை குலைவது

வேறெந்த நிலத்திலும் இல்லாத ஒரு விளைவு இங்கே உண்டு. எண்ணெய் மண்ணை நஞ்சாக்குவதோடு அதன் அடித்தளத்தையும் உருக்கத் தொடங்குகிறது. கருத்த மேற்பரப்பு வெயிலை அதிகம் உறிஞ்சுகிறது. பாசியும் புதர்களும் செத்துப்போவதால் நிழலும் இல்லை, நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் வேலையும் இல்லை. உருகடுக்கு ஆழமாகிறது. கரிபூ-போக்கர் சோதனையில் எண்ணெய் கருப்பாகத் தெரிந்த இடங்களில் உருகும் ஆழம் கூடியதை அளந்து காட்டினார்கள்.

பனி குறைவான மண் என்றால் இது கொஞ்ச காலத்தில் நின்றுவிடலாம். பனி செறிந்த மண் என்றால் நிலம் குழிகிறது. குழியில் நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் மேலும் வெப்பத்தைக் கீழே அனுப்புகிறது. முன்பு தடையாக இருந்த பனித்தளம் பின்வாங்க, எண்ணெய் அதைத் தொடர்ந்து இறங்குகிறது.

வெப்பத்தின் இந்த ஆட்சியை நன்கு புரிந்துகொண்டு கட்டியவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய அலாஸ்கா குறுக்குக் குழாய் ஏறத்தாழ 1,290 கிலோமீட்டர் நீளமுடையது. சூடான எண்ணெய் நிலத்தை உருக்கிவிடும் என்பதால் பாதிக்கும் மேற்பட்ட தூரத்துக்கு அதைத் தூண்கள்மீது தூக்கி நிறுத்தினார்கள். பல தூண்களுக்குள் அம்மோனியா நிரம்பிய குழல்கள் உள்ளன. குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பத்தை அவை மேலே எடுத்து வெளியே விடுகின்றன.

5. சிதைவு ஏன் தாமதமாகிறது

எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் வடதுருவ மண்ணிலும் உண்டு. ரோடோகாக்கஸ், சூடோமோனாஸ் இனங்களைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரிலும் ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கின்றன. கசிவு நேர்ந்த மண்ணில் அவற்றின் எண்ணிக்கை பெருகவும் செய்கிறது. குளிர் ஒன்றே தடை என்று நினைத்தால் தவறாகும்.

பெரிய தடை பட்டினி. எண்ணெயில் கார்பன் மிகுதி. நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் இல்லை. தூந்திர மண்ணில் இவை இயல்பாகவே அரிது. சாப்பாடு குவிந்துகிடந்தும் உடம்பு வளர்க்கத் தேவையான மற்றவை இல்லாத நிலை. அடுத்த தடை காற்று. பனித்தளத்தின் மேல் நீர் தேங்கி நிற்கும் சதுப்பில் ஆக்சிஜன் இறங்காது. எளிய நேர்ச்சங்கிலிச் சேர்மங்கள் முதலில் தீர்ந்துவிடும். கிளைத்தவையும் வளையங்கள் பிணைந்தவையும் எஞ்சும். ஆவியாதலும் மந்தம்; பனிக்கு அடியிலும் பாசிக்கு உள்ளேயும் சிக்கிய டீசலின் இலேசான பகுதிகள் வெளியேறவே வழியில்லாமல் மண்ணிலேயே தங்குகின்றன. வேர்களுக்கு அதிக நஞ்சானவை இந்த இலேசான பகுதிகள்தான்.

அலாஸ்காவின் ஃபிஷ் கிரீக் என்ற இடத்தில் 1949இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஒரு சோதனைக் கிணறு தோண்டப்பட்டது. அங்கே சிந்திய டீசல் 28 ஆண்டுகளுக்குப் பிறகும் மண்ணில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு தலைமுறைக் காலம் அது.

6. இரண்டு பேரிடர்கள்

6.1 உசின்ஸ்க், 1994

கோமி குடியரசில் கர்யாகாவிலிருந்து உசின்ஸ்க் செல்லும் குழாய் அரித்துப்போய், பல இடங்களில் பல மாதங்களாகக் கசிந்துகொண்டிருந்தது. குழாயை நிறுத்திப் பழுது பார்ப்பதற்குப் பதிலாக, கசிந்ததைத் தேக்கிவைக்க மண்கரைகள் எழுப்பினார்கள். 1994 அக்டோபர் தொடக்கத்தில் கனமழையில் கரை உடைந்தது. சதுப்பிலிருந்த எண்ணெய் கோல்வா, உசா ஆறுகள் வழியே பெச்சோராவை நோக்கிப் போனது. அளவு 14,000 டன் என்றது அதிகாரபூர்வக் கணக்கு. ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் என்று வேறு மதிப்பீடுகள் சொல்லின. துப்புரவுக்கு உலக வங்கியும் ஐரோப்பிய மறுசீரமைப்பு மற்றும் மேம்பாட்டு வங்கியும் கடன் கொடுத்தன.

இந்த நிகழ்வில் என்னை வருத்துவது கரை உடைந்த நாளைவிட அதற்கு முந்தைய மாதங்கள். உறைநிலத்தின்மேல் கரை கட்டினால் எண்ணெய் எங்கும் போகாது என்பதுபோல் அந்தக் குளங்களை அப்படியே விட்டுவைத்தார்கள். அங்கே உறைநிலம் திட்டுத்திட்டானது. கருத்த எண்ணெய்க்குளம் கோடை முழுவதும் வெயிலை வாங்கித் தன் கரைக்கும் தளத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. பெச்சோராவின் கரையில் மீனையும் மான்மந்தைகளையும் நம்பி வாழும் கோமி மக்கள் இதன் சுமையைத் தாங்கினார்கள்.

6.2 நோரில்ஸ்க், 2020

நோரில்ஸ்க் தொட்டி 1985இல் கட்டப்பட்டது. உறைநிலம் உருகியதே காரணம் என்று முதலில் பேச்சு எழுந்தது. ரஷ்யத் தொழில்நுட்பக் கண்காணிப்பு அமைப்பின் விசாரணையோ வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகளையும், அடித்தூண்கள் உறுதியான பாறைவரை சரியாக இறக்கப்படாததையும், கண்காணிப்பில் இருந்த அலட்சியத்தையும் சுட்டியது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது பொருந்தாது. பாறையைத் தொடாத தூணுக்கு உறைந்த மண்ணே பிடிமானம். அந்த மண் இளகும்போது பழைய அலட்சியம் வெளிப்படுகிறது.

இழப்பீட்டுக் கணக்கைப் பார்த்தால் மண்ணுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு தெரியும். ரஷ்ய இயற்கைவளக் கண்காணிப்பு அமைப்பு நீர்நிலைகளுக்கு நேர்ந்த சேதத்தை 14,705 கோடி ரூபிள் என்று மதிப்பிட்டது. மண்ணுக்கு நேர்ந்த சேதம் சுமார் 74 கோடி ரூபிள். வெளியேறிய டீசலில் கால்பங்குக்கும் மேல் வாங்கிக்கொண்ட மண்ணுக்கு மொத்தத்தில் அரை விழுக்காடு. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் மொத்தத் தொகையைச் சற்றுக் குறைத்து 14,620 கோடியாக்கியது. மின்நிலையத்தின் உரிமையாளரான நிறுவனம் அதைச் செலுத்தியது. ஆற்றின் நீர் ஓடிப்போய்விடும், மண் அங்கேயே கிடக்கும். நீண்டகாலக் கேட்டைச் சுமப்பது எதுவோ அதற்கு இவ்வளவு அற்பமான விலை வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மண்ணிலிருந்து ஆண்டுதோறும் உருகுநீரோடு வெளியேறும் டீசலும் கடைசியில் அதே ஆற்றுக்குத்தான் போகிறது.

7. துப்புரவின் இக்கட்டு

வேறிடங்களில் முதல் மருந்து தோண்டி அகற்றுவது. உறைநிலத்தில் அது பாசிப் போர்வையை உரித்துப் பனியைத் திறந்துவிடுவதாகும். கனரக வண்டி கோடையில் ஒருமுறை போனாலே பதிந்த தடம் பல ஆண்டுகள் நிற்கும்; சில இடங்களில் அது ஓடையாகவே மாறிவிடும். மாசை எடுக்கப்போய் அதைவிடப் பெரிய குழியை உண்டாக்கிய இடங்கள் உண்டு. எரித்துவிடுவதிலும் இதே ஆபத்து.

2006 புரூடோ விரிகுடாக் கசிவில் செய்தது ஓரளவு பாராட்டத்தக்கது. நிலம் இறுக உறைந்திருந்த மாதங்களிலேயே வேலையை முடித்தார்கள். எண்ணெய் ஊறிய பனியை அள்ளிய பிறகு, உறைந்த தூந்திரத்தின் மேற்பரப்பை மெல்லிய சீவலாகச் சீவி எடுத்தார்கள். எடுத்த இடத்தில் மண் நிரப்பி, வேறிடத்திலிருந்து கொண்டுவந்த உயிருள்ள தூந்திரப் புற்கரணைகளைப் பதித்தார்கள். சிறிய பரப்பு, நிறையப் பணம், சாலை வசதி எல்லாம் இருந்ததால் முடிந்தது. சாலையில்லாத சதுப்பில் இதை எதிர்பார்க்க இயலாது.

உரமிட்டு நுண்ணுயிர்களை ஊக்குவிப்பது மலிவான வழி. அண்டார்டிகாவின் கேசி நிலையத்தில் மாசுபட்ட மண்ணைக் குவித்து, காற்றும் சத்தும் கொடுத்துச் சுத்தப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அளவு தப்பக்கூடாது. ஈரம் குறைந்த சரளை மண்ணில் உரத்தின் உப்பு கூடினால் நுண்ணுயிர்களால் நீரை எடுக்க முடியாமல் போகும். சிதைவு முன்பைவிட மந்தமாகும்.

எதுவும் செய்யாமல் விடுவதே சில இடங்களில் சரியான முடிவு என்று நான் கருதுகிறேன். பனி செறிந்த சமதளச் சதுப்பில், எண்ணெய் பரவாமல் நின்றுவிட்டதென்றால், மேலே மிதப்பதை மட்டும் எடுத்துவிட்டுப் பாசியைத் தொடாமல் விடுவது நல்லது. அப்படி விடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உருகும் ஆழத்தையும் எண்ணெயின் எல்லையையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும். நிறுவனங்கள் முதல் பாதியை விரும்பி ஏற்று, இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

8. பழைய கசிவுகள்

வடபுலங்களில் இருபதாம் நூற்றாண்டு நெடுக, கழிவை உறைநிலத்தில் புதைத்தால் அது அங்கேயே உறைந்து கிடக்கும் என்பது ஏற்கப்பட்ட நடைமுறை. கனடாவின் மெக்கன்சி ஆற்றுக் கழிமுகத்தில் 1970களிலும் 80களிலும் எண்ணெய்க் கிணறுகளின் துளையிடு கழிவை இப்படித்தான் குழிவெட்டி மூடினார்கள். மேலே போட்ட மண்மேட்டில் புதர் முளைத்தது. புதரில் பனி குவிந்தது. குவிந்த பனி குளிரை உள்ளே விடாமல் குழியைச் சூடாக்கியது. பல மூடிகள் சரிந்து, மேலே நீர் தேங்கி நிற்கின்றன.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வட உறைநிலப் பகுதிகளில் சுமார் 4,500 தொழிற்கூட இடங்கள் உள்ளன என்றும், மாசுபட்ட இடங்கள் 13,000 முதல் 20,000 வரை இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. அவற்றில் எரிபொருள் மாசு பெரும்பங்கு. இன்று நிலம் இன்னும் உறுதியாக உறைந்திருக்கும் பகுதிகளில் உள்ள 3,500 முதல் 5,200 வரையான மாசிடங்கள் இந்த நூற்றாண்டுக்குள் உருகும் நிலத்தின்மேல் வந்துவிடும் என்பது அதே ஆய்வின் கணிப்பு.

இவற்றில் பலவற்றுக்கு இன்று உரிமையாளர் என்று யாரும் இல்லை. கைவிடப்பட்ட ராணுவ ரேடார் நிலையங்கள், மூடிய சுரங்கங்கள், எரிபொருள் பீப்பாய்கள் அடுக்கிய விமானத்தளங்கள் இவற்றில் அடக்கம். அலாஸ்காவிலும் கனடாவிலும் மாசிடப் பதிவேடுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதால் ஆய்வாளர்கள் எண்ணவாவது முடிகிறது. உலகின் உறைநிலத்தில் மிகப்பெரும் பங்கு ரஷ்யாவில் இருக்கிறது. அங்கே அந்த அளவுக்கு முழுமையான, எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு கிடையாது. மேலே சொன்ன எண்ணிக்கையில் ரஷ்யப் பகுதிக்கானது பெரும்பாலும் கணிப்பாகவே நிற்பது இதனால்தான். மான்மேய்க்கும் நேனெட்ஸ், தோல்கன் குடும்பங்கள் ஆண்டுதோறும் கடக்கும் நிலம் அது. எந்த மேட்டில் பழைய தொட்டி நின்றது, எந்தச் சரிவில் ஜூன் மாதத்தில் டீசல் வாடை வருகிறது என்பது அங்கே நடமாடுபவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் துளையிட்டு மண்ணின் வெப்பத்தையும் எண்ணெயின் ஆழத்தையும் அளப்பதில் தொடங்கலாம். உருகடுக்கு இன்னும் ஆழமாவதற்கு முன் அதைச் செய்தால், தோண்டாமல் தடுக்கக்கூடிய கசிவுகள் இன்னும் எத்தனை என்பதாவது தெரியவரும்.